எழுநூறு கிலோமீட்டரும் ஹெப்பகோடியும்

கொழும்புக்கும் பெங்களூருக்கும் வான்வழித் தூரம் ஏறக்குறைய எழுநூறு கிலோமீட்டர். பறக்கும் நேரம் ஒன்றரை மணி. இதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. கொழும்பில் ஒரு பள்ளியில் புவியியல் கற்பிக்கிறவன் நான். வரைபடத்தில் நூலை வைத்து இரண்டு ஊர்களுக்கு இடையே உள்ள தூரத்தை அளப்பது எப்படி என்று ஆண்டுதோறும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். ஆனால் அந்த நூல் விமான நிலையத்தோடு நின்றுவிடும் என்று எந்தப் பாடப்புத்தகத்திலும் எழுதியிருக்கவில்லை. அதற்கு அப்பால் பெங்களூர் என்று ஒன்று இருக்கிறது.

நான் போனது என் அக்கா மகளின் கல்யாணத்துக்கு. அக்கா பெயர் பாக்கியம். எங்கள் குடும்பம் ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துக் குடும்பம். இந்திய, இலங்கை அரசாங்கங்கள் இரண்டும் உட்கார்ந்து பேசி, தோட்டத்து மக்களில் இத்தனை பேர் உனக்கு, இத்தனை பேர் எனக்கு என்று பங்கு பிரித்துக்கொண்ட கதை எல்லோருக்கும் தெரியும். அந்தப் பங்கீட்டில் அக்கா புருஷன் வீட்டுக்கு இந்தியக் கடவுச்சீட்டு வந்தது. எங்கள் அப்பா இலங்கைக் குடியுரிமைக்கு விண்ணப்பித்திருந்தார். கல்யாணமாகி ஒரு வருடம்கூட ஆகாத அக்கா தலைமன்னாரில் கப்பலேறிப் போனபோது எனக்கு ஒன்பது வயது. அதன் பிறகு நான் அவளைப் பார்க்கவே இல்லை. முதலில் காசில்லை, பிறகு போர், பிறகு அம்மாவின் சாவு, பிறகு அப்பாவின் படுக்கை, பிறகு நாட்டிலே பெட்ரோலே இல்லாத காலம். நாற்பது வருடத்துக்கு மேல் இப்படியே போய்விட்டது.

அக்காவை முதலில் கர்நாடகத்தில் சுள்ளியா பக்கம் ரப்பர் தோட்டத்தில் கொண்டுபோய் விட்டார்கள். புருஷன் இறந்த பிறகு பிள்ளைகளோடு பெங்களூர் வந்து, துணி தைக்கும் கம்பெனியில் வேலை பார்த்து, இப்போது ஹெப்பகோடியில் மகன் சுரேஷோடு இருக்கிறாள். கடைசி மகள் மேனகாவுக்கு ஞாயிற்றுக்கிழமை கல்யாணம். மேலே உள்ள இரண்டு பிள்ளைகளுக்கும் காது குத்தியதிலிருந்து கல்யாணம் வரை தாய்மாமன் இடத்தில் வேறு யாரோ நின்றிருக்கிறார்கள். “இந்த ஒண்ணுக்காவது நீ வந்து நில்லுடா” என்று அக்கா சுரேஷின் போனில் வீடியோவில் வந்து சொன்னாள். அவள் நெற்றி மட்டும்தான் தெரிந்தது. போனை எப்படிப் பிடிக்க வேண்டும் என்று அவளுக்குப் பேசி முடிக்கும் வரை வரவில்லை.

வெள்ளிக்கிழமை காலை விமானம் சரியான நேரத்துக்குக் கிளம்பியது. அதுதான் அன்று சரியாக நடந்த ஒரே காரியம். பெங்களூருக்கு மேலே வந்தால், கீழே வெள்ளையாகப் பஞ்சு மூட்டை அவிழ்த்துக் கொட்டியது போலப் பனிமூட்டம். விமானம் சுற்றியது. மறுபடி சுற்றியது. பிறகு விமானி, மிகவும் மரியாதையான குரலில், எரிபொருள் போதாது, சென்னைக்குப் போகிறோம் என்றார்.

பக்கத்து இருக்கையில் மென்பொருள் கம்பெனி இளைஞர் ஒருவர். கும்பகோணத்துக்காரர், பெங்களூரில் வேலை. கொஞ்சமும் அசரவில்லை. கழுத்துத் தலையணையைச் சரிசெய்தபடி, “ஜனவரில காலை ஃப்ளைட் எடுத்தா இப்படித்தான் சார். ஃப்ளைட் டைம் ஒன்றரை மணி நேரம்னு போட்டிருப்பாங்க. அது சும்மா ஒரு ஆசை” என்று சொல்லிவிட்டுத் தூங்கிப்போனார்.

சென்னையில் இறங்கவிடவில்லை. ஓடுபாதை ஓரத்தில் விமானத்தை நிறுத்திவிட்டு, கதவையும் திறக்காமல், குளிர்சாதனத்தையும் அரைகுறையாக விட்டு உட்காரவைத்தார்கள். சன்னல் வழியே சென்னையைப் பார்த்தேன். அதாவது ஒரு மதில் சுவரையும், அதன் மேல் உட்கார்ந்திருந்த ஒரு காக்காயையும் பார்த்தேன். எனக்கு முன் வரிசையில் ஒரு குழந்தை அழ ஆரம்பித்து, அதன் அம்மா அழ ஆரம்பித்து, பணிப்பெண் ஆளுக்கு ஒரு பிஸ்கட் பாக்கெட் கொடுத்தார். நண்பகலுக்கு விமானம் மறுபடி கிளம்பியது. பெங்களூரில் இறங்கியபோது வெயில் பளீரென்று அடித்தது. பனியா, எங்கே, எப்போது என்று அந்த ஊர் கேட்பது போல இருந்தது.

குடிவரவு வரிசை ஊர்ந்து முடிந்து வெளியே வந்தேன். பெயரட்டை பிடித்து நின்றவர்கள் வரிசையில் என் பெயர் இல்லை. என் இலங்கை சிம் அங்கே வேலை செய்யவில்லை. விமான நிலையத்தின் இலவச வைஃபையைப் பிடிக்கலாம் என்று பார்த்தால், அது உங்கள் இந்திய எண்ணுக்கு ஒரு ஓடிபி அனுப்பியிருக்கிறோம், அதைப் போடுங்கள் என்றது. இந்திய எண் இருந்தால் நான் ஏன் உன்னிடம் வருகிறேன்?

வெளியே நின்று, வருகிற போகிற வயதான பெண்கள் முகத்தையெல்லாம் பார்த்தேன். எனக்குத் தெரிந்த அக்காவுக்கு இருபது வயது, இரட்டைச் சடை. வீடியோவில் பார்த்த அக்காவுக்கு நெற்றி மட்டும். இதை வைத்துக்கொண்டு ஒரு ஆளை எப்படித் தேடுவது? ஒரு அம்மாள் நான் தன்னையே பார்ப்பதைக் கண்டு கைப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு தள்ளிப் போனார். அதோடு நிறுத்திக்கொண்டேன்.

வெகுநேரம் நின்ற பிறகு டாக்சி வரிசைக்குப் போனேன். என்னை ஏற்றிக்கொண்டவர் பெயர் பாபு. ஏறக்குறைய என் வயது, என் உடல்வாகு, என்னைப் போலவே பாதி நரைத்த மீசை. “தமிழா சார்? பேசுங்க, பேசுங்க. நாங்க மர்பி டவுன். தாத்தாவுக்குத் தாத்தா காலத்துலேர்ந்து அங்கதான்” என்றார். அவர் போனிலிருந்து சுரேஷைக் கூப்பிட்டோம். மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை. எனக்கு வேறு எண் தெரியாது. கையில் இருந்தது வீட்டு முகவரி மட்டும்.

“ஹெப்பகோடியா?” என்று பாபு என்னை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். “சார், ஏர்போர்ட் ஊருக்கு இந்தக் கோடி. ஹெப்பகோடி அந்தக் கோடி. இன்னைக்கு வெள்ளிக்கிழமை. திங்கள் குடியரசு தினம் லீவு. ஊரே வெளிய ஓடுது. ஸ்வல்ப பொறுமை வேணும்.”

ஸ்வல்ப என்றால் கொஞ்சம். அந்த ஒரு கன்னடச் சொல்லைத்தான் அன்று நான் முழுமையாகக் கற்றேன். ஹெப்பாள் மேம்பாலத்தில் ஸ்வல்ப நேரம் நின்றோம். வட்டச் சாலையில் ஸ்வல்ப நேரம் நின்றோம். முன்னால் இருந்த பேருந்தின் பின்பக்கத்து விளம்பரத்தை மனப்பாடமாகச் சொல்லும் அளவுக்கு நின்றோம். கொழும்பிலும் காலி ஊருக்குப் போகும் வீதியில் நெரிசல் உண்டு. ஆனால் அது ஒருவிதமாக நகரும், மனிதனுக்கு நம்பிக்கை தரும். இங்கே வண்டிகள் நகர்வதை விட்டுவிட்டு வாழ ஆரம்பித்துவிடுகின்றன. பக்கத்துக் காரில் ஒரு பெண் மடிக்கணினியைத் திறந்து வைத்துக் கூட்டம் நடத்திக்கொண்டிருந்தார். பைக்கில் ஒருவர் ஹெல்மெட்டுக்குள் சோளம் தின்றுகொண்டிருந்தார், எப்படி என்று இன்னும் எனக்குப் புரியவில்லை. ஆட்டோக்காரர் ஒருவர் குறுக்கே மூக்கை நுழைத்தபோது பாபு உருதுவில் நான்கு வார்த்தை சொன்னார். ஆட்டோக்காரர் கன்னடத்தில் பதில் சொன்னார். கடைசியில் இருவரும் தமிழில் சமாதானமானார்கள்.

“இவ்வளவு நேரத்துல நான் கொழும்புக்கே திரும்பிப் போயிருக்கலாம்” என்றேன்.

“போயிருக்கலாம் சார். ஆனா அங்கயும் இறங்கி வீட்டுக்குப் போகணும்ல?”

வழியில் ஒரு சின்ன ஓட்டலில் நின்றபடியே இட்லி சாப்பிட்டோம். இட்லி நன்றாக இருந்தது. சாம்பாரில் வெல்லம் போட்டிருந்தார்கள். பசியில் இருக்கும் மனிதனுக்கு இனிக்கும் சாம்பாரைக் கொடுப்பது ஒருவகைத் துரோகம். பாபு இரண்டாவது கிண்ணம் கேட்டு வாங்கிக் குடித்தார்.

ஹெப்பகோடியில் வீட்டைக் கண்டுபிடித்தபோது சாயங்காலமாகிவிட்டது. மேலே மெட்ரோ ரயில் பாலம், கீழே தொழிற்சாலை விட்டு வரும் கூட்டம், அதற்குள் ஒரு சந்து, சந்தில் மாவிலைத் தோரணம் கட்டிய வீடு. இரண்டு கையிலும் முழங்கை வரை மருதாணியோடு ஒரு பெண் கதவைத் தோளால் தள்ளித் திறந்தாள். மேனகா.

“மாமா!” என்றாள். என் பின்னால் எட்டிப் பார்த்தாள். “அம்மா எங்க?”

“அம்மா எங்கேன்னு நீதானே சொல்லணும்?”

“அம்மா ஏர்போர்ட்ல இருக்காங்க மாமா! காலையிலேர்ந்து!”

நான் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

விஷயம் இதுதான். சுரேஷும் அக்காவும் விடிகாலையிலேயே விமான நிலையம் போய்விட்டார்கள். விமானத்தைச் சென்னைக்குத் திருப்பிவிட்டார்கள், எப்போது வரும் என்று தெரியாது என்று பதில் கிடைத்தது. சுரேஷுக்கு மதியம் ஷிஃப்ட். கல்யாணத்துக்கு லீவு எடுப்பதால் அன்று போகாமல் இருக்க முடியாது. தொழிற்சாலைக்குள் நுழையும்போது போனை வெளியே வைத்துவிட வேண்டும். “வாம்மா, போலாம், மாமா டாக்சி புடிச்சு வந்துருவார்” என்று கூப்பிட்டிருக்கிறான். அக்கா நகரவில்லை. “நாற்பது வருஷம் கழிச்சு வர்றான், வெளிய வந்து ஆளில்லாம நிப்பானா? நீ போ” என்று அவனை அனுப்பிவிட்டாள். பிறகு யோசித்திருக்கிறாள். தம்பி சென்னையிலிருந்துதானே வருகிறான்? சென்னை விமானம் எங்கே வரும் என்று யாரையோ கேட்டிருக்கிறாள். அவர் நல்ல மனிதர். டெர்மினல் ஒன்று என்று சரியாகச் சொல்லி, அங்கே போகும் இலவசப் பேருந்திலும் ஏற்றிவிட்டார். நான் இறங்கியது டெர்மினல் இரண்டு.

மேனகா மூக்கு நுனியால் போனைத் தொட்டு அம்மாவின் பழைய பட்டன் போனுக்குக் கூப்பிட்டு, ஒலிபெருக்கியில் போட்டாள். அக்காவின் குரல் வீடு முழுவதும் கேட்டது. “ஏய், எத்தனை சென்னை ஃப்ளைட் வந்துடுச்சு! எல்லாரும் வந்துட்டாங்க. இவன மட்டும் காணோம்!”

“அக்கா, நான் வீட்டுல இருக்கேன்.”

“எந்த வீட்டுல?”

“உன் வீட்டுலதான்.”

“என் வீட்டுல நீ என்னடா பண்ற?” என்று கத்தினாள்.

நான் திரும்பப் போய்க் கூட்டி வருகிறேன் என்றேன். மேனகா அழுகிற நிலைக்கு வந்துவிட்டாள். “மாமா, நீங்க போனா அவங்க கிளம்பி வந்துருவாங்க. திரும்பவும் மாறிப் போயிரும். யாராவது ஒருத்தர் ஒரு எடத்துல இருங்க!” அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. அக்காவை விமான நிலையப் பேருந்தில் ஏறி, வீட்டுக்குப் பக்கத்தில் உள்ள எலக்ட்ரானிக் சிட்டியில் இறங்கச் சொன்னோம். அங்கே நான் காத்திருப்பது என்று முடிவு.

பாபு போகவில்லை. தண்ணீர் கேட்டுக் குடித்தவர் வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். “நான் கொண்டு விடுறேன் சார். இதுக்கு மேல சவாரி எங்க போறது? எனக்கும் அவங்களப் பாக்கணும்” என்றார்.

இரவு பேருந்து நிறுத்தத்தில் நானும் பாபுவும் நின்றோம். ஒரு பேருந்து வந்தது, அக்கா இல்லை. இன்னொன்று வந்தது. பெட்டி உருட்டுகிறவர்கள், முதுகுப்பைக்காரர்கள் எல்லோரும் இறங்கிய பிறகு, கடைசியாக ஒரு சின்ன உருவம், ஒரு கையில் துணிப்பை, இன்னொரு கையில் தூக்குவாளி, பக்கவாட்டாக ஒவ்வொரு படியாக இறங்கியது. நெற்றியைப் பார்த்தேன். அதே நெற்றி.

அக்கா நேரே எங்களை நோக்கி வந்தாள். வந்து, பாபுவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, “தம்பி!” என்று அழ ஆரம்பித்துவிட்டாள்.

பாபு பதறிப்போனார். “அம்மா, அம்மா, நான் டிரைவர்மா. அவருதாம்மா.”

அக்கா அவர் கையை விடாமலே தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாள். மேலிருந்து கீழ் வரை பார்த்தாள். “நீயா?” என்றாள். “இவ்வளவு வயசாயிடுச்சாடா உனக்கு?”

நாற்பது வருடம் கழித்து அக்காவிடம் நேரில் பேசும் முதல் வார்த்தையாக என்னென்னவோ நினைத்து வைத்திருந்தேன். விமானத்தில்கூட ஒத்திகை பார்த்தேன். என் வாயில் வந்தது இது: “உன்னை யாரு டெர்மினல் ஒண்ணுக்குப் போகச் சொன்னது?”

“நீ யாரைக் கேட்டு டாக்சில ஏறின?” என்றாள் அவள்.

வீடு வரும் வரை இருவரும் சண்டை போட்டுக்கொண்டே வந்தோம். தூக்குவாளியில் எனக்காக ரொட்டியும் தேங்காய்ச் சம்பலும் இருந்தன. காலையில் சுட்டது. ரொட்டி ஓடு போலக் காய்ந்திருந்தது. சம்பல் லேசாகப் புளித்துவிட்டது. சாப்பிடாதே, வயிற்றுக்கு ஆகாது என்று அக்கா பிடுங்கினாள். நான் கொடுக்கவில்லை. ஒன்றைப் பாபுவும் வாங்கிக்கொண்டார்.

சனிக்கிழமை அக்காவோடு ஆற அமரப் பேசலாம் என்று நினைத்தேன். கல்யாண வீட்டில் அப்படி நினைத்தது என் முட்டாள்தனம். நான் ஹட்டனிலிருந்து நல்ல தேயிலையாகத் தேடிப் பிடித்து மூன்று பாக்கெட் கொண்டுபோயிருந்தேன். அக்கா மோந்து பார்த்து, கண்ணை மூடித் திறந்து, அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டாள். “நான் இப்பல்லாம் காபிதான்டா. டீ குடிச்சா நெஞ்சு கரிக்குது.” தோட்டத்தில் கொழுந்து பறித்த பெண் என்னிடம் இதைச் சொல்கிறாள்! வந்த விருந்தாளிகளுக்காவது போடு என்றேன். “இவங்க பால்ல போட்டு ஏலக்காய், இஞ்சி எல்லாம் தட்டிக் கொதிக்க விடுவாங்க. அதுக்கு எதுக்கு இந்தத் தூள்?” என்றாள். அவள் சொன்னதும் சரிதான். எனக்குத்தான் எரிச்சல் அடங்கவில்லை.

ஒவ்வொரு முறை அவள் என் பக்கத்தில் வந்து உட்காரும்போதும் போன் அடித்தது. “ஹூவு இன்னூ பந்தில்லா” என்று பூக்காரரைக் கன்னடத்தில் வறுத்தெடுத்தாள். பூ இன்னும் வரவில்லையாம். என் அக்கா வேறொரு மொழியில் இவ்வளவு சரளமாகக் கோபப்படுவதைப் பார்த்துக்கொண்டு ஓரமாக உட்கார்ந்திருந்தேன். நடுவில் ஒருமுறை, “அம்மா கடைசியில...” என்று ஆரம்பித்தாள். சமையல்காரர் வந்து அடுப்பு எங்கே போடுவது என்று கேட்டார். எழுந்து போனவள் திரும்பி வரவில்லை.

பூ எங்கே என்று பார்த்து வர என்னையும் ராசு அண்ணனையும் அனுப்பினார்கள். ராசு அண்ணன்தான் அந்த ‘வேறு யாரோ’. அக்கா போன அதே கப்பலில் போனவர், சுள்ளியாவில் பக்கத்து வீடு, உறவு என்று சொல்ல எதுவும் கிடையாது. அக்கா பிள்ளைகளுக்கு இத்தனை வருடமும் தாய்மாமன் இடத்தில் நின்றவர். எழுபது வயதிருக்கும். பூக்கார வேன் ஒரு கிலோமீட்டர் தள்ளி, ஒரு சந்திப்பில், ஒரு லாரிக்கும் ஒரு மாட்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு நின்றது. கடைசியில் மாலைக் கூடையை நாங்களே தலையில் வைத்துக்கொண்டு நடந்தோம். கார்களைவிட வேகமாக வந்து சேர்ந்தோம். பெங்களூரில் அதுதான் எனது மிக விரைவான பயணம்.

“நாளைக்கு நீங்க இருக்கீங்க, எனக்கு வேலை இல்ல” என்று ராசு அண்ணன் வழியில் சொன்னார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் அதன் பிறகு எனக்கு முன்னால் வேகமாக நடந்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை முகூர்த்தம். பெண்ணைத் தாய்மாமன் கைபிடித்து மணமேடைக்கு அழைத்து வர வேண்டும். எனக்கு ஒரு புது வேட்டியும் தலைப்பாகையும் கொடுத்தார்கள். தலைப்பாகை காதில் இறங்கிக்கொண்டே இருந்தது. மேனகா தயாராக நின்றாள். ராசு அண்ணன் மண்டபத்தின் கடைசி வரிசையில், மின்விசிறிக்கு அடியில், வெறும் விருந்தாளி போல உட்கார்ந்திருந்தார். ஐயர் அவசரப்படுத்தினார். சுரேஷ் அவசரப்படுத்தினான். அந்த ஊரில் நான் பார்த்த எதுவுமே அவசரமாக நடக்கவில்லை, இதற்கு மட்டும் எங்கிருந்தோ ஒரு அவசரம்.

நான் இறங்கி மண்டபத்தின் கடைசி வரை போனேன். “எந்திரிங்கண்ணே” என்றேன்.

“வேணாங்க. சொந்த மாமன் வந்த பிறகு நான் எதுக்கு?”

“இந்தப் பிள்ளை எப்படி நடக்கும்னுகூட எனக்குத் தெரியாது. நீங்க ஒரு கை புடிங்க, நான் ஒரு கை புடிக்கிறேன்.”

அவர் எழுந்திருக்கவில்லை. அப்போது மணமகள் கோலத்தில் இருந்த மேனகாவே மண்டபத்தின் நடுவில் வந்து நின்று, “ராசு மாமா, நீங்க வராம நான் ஏற மாட்டேன்” என்றாள். கிழவர் முகத்தைத் துண்டால் அழுத்தித் துடைத்துக்கொண்டு எழுந்து வந்தார். இரண்டு பக்கமும் இரண்டு மாமன்களோடு பெண் மேடையேறியது ஹெப்பகோடியிலே அதுதான் முதல் தடவை என்று யாரோ சொன்னார்கள். அக்கா மேடையில் நின்று பார்த்தாள். நான் ஏறியதும் என் தலைப்பாகையைக் காதிலிருந்து தூக்கி நேராக வைத்தாள்.

திங்கட்கிழமை பிற்பகல் எனக்கு விமானம். வெள்ளிக்கிழமை பட்ட பாட்டை நினைத்து, காலைச் சாப்பாடு முடிந்த கையோடு கிளம்பிவிட வேண்டும் என்று நானே சட்டம் போட்டேன். பாபுவையே வரச் சொல்லியிருந்தோம். அக்காவும் கூட வந்தாள். சுரேஷ் முன் இருக்கையில் ஏறப் போனான். “நீ வேணாம். நான் இவனோட பேசிட்டு வரணும்” என்று அவனை இறக்கிவிட்டாள். மூன்று நான்கு மணி நேரம் வண்டியில் போக வேண்டும். நடுவில் பூக்காரரும் சமையல்காரரும் வர முடியாது. நான் முதல் முறையாக அந்த ஊரின் நெரிசலை மனதார வரவேற்றேன்.

சாலை காலியாக இருந்தது.

காலி என்றால் துடைத்து வைத்த காலி. விடுமுறைக்கு ஊரே வெளியே போயிருந்தது. வெள்ளிக்கிழமை ஒவ்வோர் அடியாக நகர்ந்த சில்க் போர்டு சந்திப்பில் ஒரு நாய் சாவகாசமாகக் குறுக்கே நடந்தது. வட்டச் சாலையில் பாபு பாட்டுப் போட்டுக்கொண்டு பறந்தார். “பாத்தீங்களா சார், நம்ம ஊரு எப்படி!” என்று பெருமை வேறு. இந்த ஊருக்கு என் மேல் என்ன பகை? பார்க்கப் போகும்போது வழியை அடைத்துக்கொண்டது, பிரியப் போகும்போது வழிவிட்டு நிற்கிறது.

அக்கா சன்னல் பக்கம் பார்த்தபடி, பேச்சை எங்கிருந்து ஆரம்பிப்பது என்று தெரியாமல் முந்தானையை மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டிருந்தாள். எனக்கும் தெரியவில்லை. ஹெப்பாள் வந்துவிட்டது.

“பாபு, கொஞ்சம் மெதுவாப் போங்க” என்றேன்.

அவர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். “மெதுவாவா? என் சர்வீஸ்ல யாரும் இதச் சொன்னதில்ல சார்.” பிறகு அக்காவைப் பார்த்தார். பாட்டை நிறுத்தினார். இடது ஓரத்துக்கு வந்து, லாரிகள் எங்களை முந்திப் போக, சைக்கிள் ஓட்டுவது போல ஓட்டினார்.

அப்படியும் விமான நிலையம் வந்துவிட்டது. குடியரசு தினம் என்பதால் பாதுகாப்பு அதிகம். பயணி தவிர யாரும் உள்ளே வர முடியாது. வாசலில் வண்டி நின்ற மறு நொடியே ஒரு காவலர் விசில் ஊதி, எடு எடு என்று கையாட்டினார். நான் பெட்டியைப் பிடித்தேன். அக்கா என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

“அம்மாவ எங்கடா புதைச்சீங்க?”

விசில் ஊதினார்கள். பாபு யாரையும் கேட்கவில்லை. வண்டியை எடுத்தார். வெளியேறும் பாதையில் போய், வளைத்து, மறுபடி விமான நிலையச் சாலைக்குள் நுழைந்தார். “டைம் நெறைய இருக்கு சார். நீங்க சொல்லுங்க” என்றார்.

நான் சொன்னேன். தோட்டத்துப் பள்ளிக்கூடத்துக்கு மேலே, தண்ணீர்த் தாங்கி பக்கம், இரண்டு சவுக்கு மரங்களுக்கு நடுவில். இப்போது அங்கே ஒரு சவுக்குதான் இருக்கிறது. மேட்டில் கல் எதுவும் வைக்கவில்லை. பக்கத்திலேயே அப்பா. அம்மா கடைசி வாரத்தில் யாரோடும் பேசவில்லை, வலி அதிகம். இதைப் போனில் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் இத்தனை வருடமும் வேறு எதையெதையோ பேசியிருக்கிறோம். அக்கா அழவில்லை. ஒவ்வொன்றாகக் கேட்டாள். எந்தச் சவுக்கு நிற்கிறது? மேல் பக்கத்ததா, கீழ் பக்கத்ததா? மழைக்காலத்தில் அங்கே நடக்க முடியுமா?

வாசல் வந்தது. விசில் வந்தது. பாபு நிற்காமலே போனார்.

“சுரேஷ பாஸ்போர்ட் எழுதிப் போடச் சொல்லியிருக்கேன்” என்றாள் அக்கா. “எனக்கும்.”

“இந்த முட்டிய வச்சுக்கிட்டு நீ எப்படி மேல ஏறுவ? பைத்தியமா உனக்கு?”

“நீ தூக்கிட்டுப் போ. மாமன்தான?”

“அது உன் மகளுக்கு!”

“கத்தாதடா” என்றாள். பிறகு என் தோளில் சாய்ந்துகொண்டாள். இவ்வளவு சின்ன உடம்பா என்று இருந்தது. நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது என்னை இடுப்பில் தூக்கிவைத்துக்கொண்டு ஆற்றைக் கடந்தவள்.

வாசல் மூன்றாவது முறையாக வந்தது. இனி நேரமில்லை என்று எனக்குத் தெரியும். பாபு வண்டியை நிறுத்தினார். நான் கதவின் கைப்பிடியில் கை வைத்தேன். அதே காவலர் விசிலை வாயில் வைத்தவர், வண்டி எண்ணைப் பார்த்து, உள்ளே எங்களைப் பார்த்து, ஊதாமல் நின்றார்.

“இன்னொரு ரவுண்டு போலாமா அக்கா?” என்று பாபு திரும்பாமலே கேட்டார்.

நான் கைப்பிடியிலிருந்து கையை எடுத்தேன்.